சந்திரசேகரனின் சைக்கிள் வேகத்தில் படியுங்கள்

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலைக் கையில் எடுத்தவர்களும் பாதியில் வைத்துவிட்டவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிஜாம் ஆட்சியில் இருந்த செகந்தராபாத்தில், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். லான்சர் பாரக்ஸ் குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன். கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான். 1947, 48-ல் ஊரே தலைகீழாவதைப் பார்க்கிறான். அதுதான் கதை. நூலாக வந்தது 1977-ல். முடிவைச் சொல்லாமலேயே பதில் எழுதியிருக்கிறோம். ஒரே ஒரு பதில் மட்டும் நாவலை முடித்தவர்களுக்கானது. அந்த இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி (திருச்சி): சரித்திர நாவல் என்றால் எனக்குச் சோழர், பல்லவர்தான். இதில் ராஜாவும் இல்லை, போர்க்களமும் இல்லை. இதை எப்படிச் சரித்திர நாவல் என்கிறீர்கள்?

ராஜா இருக்கிறாரே! மீர் உஸ்மான் அலிகான், ஏழாவது நிஜாம், 1911 முதல் ஆட்சியில் இருந்தவர். அவருக்குத் தனி நாணயம், தனித் தபால்தலை, தனி ராணுவம், தனி ரயில்வே எல்லாம் இருந்தன. படையெடுப்பும் உண்டு, 1948 செப்டம்பரில். ஆனால் இவை எதுவும் அரண்மனைப் பக்கத்திலிருந்து சொல்லப்படவில்லை. நிஜாமின் நாணயத்தில் சில்லறை வாங்கி, நிஜாமின் ரயில்வே கொடுத்த வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துப் பையன் சொல்கிறான்.

எவ்வளவு காலத்துக்கு முந்தையது என்பதை வைத்துச் சரித்திர நாவலை அளப்பது சரியாக வராது. எழுதியவருக்கு அந்த நிகழ்ச்சியின் முடிவு தெரியும், உள்ளே இருக்கும் பாத்திரத்துக்குத் தெரியாது. இந்த இடைவெளியில் நாவல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இங்கே அந்த இடைவெளி ஏறக்குறைய 30 ஆண்டு. 1977-ன் வாசகனுக்கு ஐதராபாத் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது பழைய செய்தி. சந்திரசேகரனுக்கோ நாளைக்குக் கல்லூரி திறக்குமா என்பதே தெரியாது. அந்தத் தெரியாமையை உங்களுக்கும் ஏற்படுத்துவதுதான் இந்த நாவலின் பெரிய சாதனை. நாவலைப் படித்து அனுபவிக்க வேண்டுமென்றால் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

கேள்வி (ஈரோடு): ஐதராபாத் வரலாறு சுத்தமாகத் தெரியாது. முதலில் வரலாற்றுப் புத்தகம் எதையாவது படித்துவிட்டுத்தான் நாவலுக்கு வர வேண்டுமா?

வேண்டாம். வரலாற்றை முழுதாகப் படித்துவிட்டு வருகிறவர்கள், விடைத்தாள் திருத்துவதைப்போல நாவலைப் படிக்கிறார்கள். ‘இன்னும் அது வரவில்லையே, இந்தத் தேதி சரியா’ என்று தேடிக்கொண்டே போவதில் பையன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான். ஒன்றுமே தெரியாமல் வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். ரஜாக்கர் யார், ஸ்டேட் காங்கிரஸ் என்பது என்ன, ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று புரியாமல் நடுப்பகுதியில் திணறுவார்கள்.

அரைப் பக்கம் தெரிந்தால் போதும். இதோ அந்த அரைப் பக்கம். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பக்க அடையாளமாகவும் உதவும்.

ஐதராபாத் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே, அதே சமயம் அதன் பிடிக்குள் இருந்த மிகப் பெரிய சமஸ்தானங்களில் ஒன்று. மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்கு மேல். தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசும் பகுதிகள் மூன்றும் அதில் அடங்கின. ஆட்சி மொழி உருது. மக்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆட்சியும் உயர் உத்தியோகங்களும் பெரும்பாலும் அவர்களில் மேல்தட்டினர் கையில். 1946-லிருந்து தெலங்கானா கிராமங்களில் நிலப்பிரபுக்களுக்கு எதிராக விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அதே 1946-ல் இத்தெஹாதுல் முஸ்லிமீன் கட்சியின் தலைமைக்கு வந்தவர் லாத்தூர் வக்கீல் காசிம் ரஜ்வி. அந்தக் கட்சியின் தொண்டர் படைதான் ரஜாக்கர்கள். எதிர்ப் பக்கத்தில், சமஸ்தானம் இந்தியாவோடு சேர வேண்டும் என்று போராடிய உள்ளூர்க் காங்கிரஸ்தான் ஸ்டேட் காங்கிரஸ். 1947 ஆகஸ்டில் நிஜாம் இந்தியாவோடும் சேரவில்லை, பாகிஸ்தானோடும் சேரவில்லை. நவம்பர் 29-ம் தேதி ஓராண்டுக்கு ‘இருப்பது இருந்தபடி இருக்கட்டும்’ என்று ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1948-ல் இந்திய அரசு பொருட்கள் உள்ளே போவதைத் தடுத்தது. தட்டுப்பாடு, வதந்தி, இரு பக்கமும் அகதிகள். 1948 செப்டம்பர் 13-ம் தேதி இந்திய ராணுவம் நுழைந்தது, 17-ம் தேதி நிஜாம் பணிந்தார். அதைத்தான் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றார்கள்.

இதற்கு மேல் வேண்டாம். குறிப்பாக, அந்தச் செப்டம்பருக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி இணையத்தில் தேடாதீர்கள். நாவலை முடித்த பிறகு தாராளமாகத் தேடலாம்.

கேள்வி (சேலம்): 40 பக்கம் தாண்டவில்லை. கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று போய்க்கொண்டே இருக்கிறது. கதை எங்கே ஆரம்பிக்கிறது?

கேள்வியில் நீங்கள் அலுப்போடு அடுக்கியிருக்கிறீர்களே, கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, பக்கத்து வீடு, அதுதான் கதை. அது ஏன் கதையாகத் தெரியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலருக்குச் சரித்திர நாவல் அறிமுகமானது வாரப் பத்திரிகைத் தொடர் வழியாக. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வாரம் வாரம் வந்தது. ஒரு வாரம் முழுக்க வாசகரைக் காக்க வைக்க வேண்டிய எழுத்து அது. அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கதவு தட்டப்படும், ஓர் உருவம் இருட்டில் தெரியும். அந்தப் பழக்கத்தில் நாம் அத்தியாய முடிவில் திருப்பத்தைத் தேடுகிறோம். அசோகமித்திரன் அங்கே எதுவும் வைப்பதில்லை. பத்தியின் நடுவில், துணை வாக்கியம் ஒன்றில், குரலை உயர்த்தாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். வேகமாகப் படித்தால் கண்ணிலிருந்து நழுவிவிடும்.

ஆகவே முதலில் படிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். தினம் ஐந்து பக்கம் என்று தூங்கப்போகும் முன் படித்தால் இந்த நாவல் பிடிபடாது. முதல் அமர்வில் மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுந்திருக்காமல் 25, 30 பக்கம் படியுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வாக்கியங்கள் சின்னவை, அலங்காரம் இல்லை. கண்ணால் மேயாமல், வாய்க்குள் சொல்லிக்கொள்ளும் வேகத்தில் போங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். சந்திரசேகரன் சைக்கிள் மிதிக்கும் வேகம் அது. காரில் போகிறவர்களுக்குத் தெருமுனையில் நிற்பவர்களின் முகம் தெரியாது.

அப்படிப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனித்துவாருங்கள். ஒன்று, ஆட்டம். முதல் பகுதியில் யார் யாரோடு சேர்ந்து ஆடுகிறார்கள், யார் வீட்டுக்குள் யார் சகஜமாகப் போகிறார்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பையன்கள், ஆங்கிலோ இந்தியர்கள், தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நூறு பக்கம் கழித்து அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். யாரும் உங்களிடம் ‘நட்பு முறிந்தது’ என்று அறிவித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பாதை. சந்திரசேகரன் அடிக்கடி ஒரே தெருக்களில் போகிறான். முதலில் அவன் கண் எதில் விழுகிறது, பின்பாதியில் அதே தெருவில் எதில் விழுகிறது என்று பாருங்கள். சரித்திரம் நடந்துகொண்டிருப்பதை இந்த நாவல் காட்டும் முக்கியமான வழி இது. ஊரில் பயம் கூடியிருக்கிறது என்று எழுத்தாளர் சொல்வதற்கு முன்னால் பையனின் பார்வை மாறிவிடும்.

மூன்றாவது, வெட்கம். பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குச் சமஸ்தானத்தின் எதிர்காலத்தைவிடத் தன் சட்டை, தன் இங்கிலீஷ், ஒரு பெண் தன்னைப் பார்த்தாளா என்பதெல்லாம் பெரிய விஷயம். நாவல் இதைக் கேலி செய்வதில்லை, மன்னிக்கவும் இல்லை. அரசியல் அவனிடம் வந்து சேர்வதே பல சமயம் வெட்கத்தின் வழியாகத்தான்: மற்றவர்கள் வெளியே போகும்போது நாம் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற உறுத்தலாக. கொள்கை பின்னால்தான் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. வளரும் பருவத்தை இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் தமிழில் குறைவு.

80 பக்கம் இப்படிப் படித்தும் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள். சந்தோஷத்துக்காகப் படிப்பதில் பரீட்சை எதுவும் கிடையாது. ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்திலிருந்து எடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ‘நான்’ என்று போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று ‘சந்திரசேகரன்’, ‘அவன்’ என்று மாறுகிறது. பிறகு மறுபடி ‘நான்’. என் பிரதியில் அச்சுக் கோளாறா?

கோளாறு இல்லை, உங்கள் பிரதி சரியானதுதான். தன்மையிலும் படர்க்கையிலும் மாறி மாறிச் சொல்வது இந்த நாவலின் அமைப்பு.

முதல் வாசிப்பில் இதற்காக நிற்க வேண்டாம். மாறும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு மட்டும் போட்டுவிட்டு நகருங்கள். ‘நான்’ யார் என்ற குழப்பம் வந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இருவரும் ஒரே ஆள்தான், வேறு பாத்திரம் புகவில்லை. இதைச் சொல்லாததால் பலர் புதிதாக ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து முன்பக்கங்களைப் புரட்டிச் சலித்துப்போகிறார்கள்.

படித்து முடித்ததும் அந்தக் கோடுகளை வரிசையாகப் பாருங்கள். ‘நான்’ வரும் பகுதிகளில் பையனுக்குள்ளே இருக்கிறோம். கூச்சம், கோபம், பகற்கனவு எல்லாம் சூடாகக் கிடைக்கின்றன. ‘அவன்’ வரும்போது அவனே கூட்டத்தில் ஓர் ஆளாகத் தெரிகிறான். வளர்ந்த பிறகு தன் பழைய புகைப்படத்தைப் பார்க்கிறவர் ‘இந்தப் பையன்’ என்று சொல்லக்கூடிய தூரம் அது. வயது வருவதைப் பற்றிய நாவலுக்கு இந்த இரட்டைப் பார்வை மிகப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. உள்ளே இருப்பவனால் தான் வளர்வதைப் பார்க்க முடியாது. வெளியே இருப்பவனுக்கு வளர்வதன் வலி தெரியாது. இரண்டும் வேண்டியிருக்கிறது.

கேள்வி (சென்னை): ஐதராபாத்துக்குப் போனதே இல்லை. ஊர் வரைபடம் மனதில் வரமாட்டேன் என்கிறது. தலைப்பில் இருக்கும் அட்சக்கோடு எது?

பூமத்திய ரேகைக்கு வடக்கே 18 டிகிரிக் கோடு. செகந்தராபாத் சுமார் 17.4 டிகிரியில் இருக்கிறது, கோட்டுக்குச் சற்றுக் கீழே. வாரங்கல் ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருக்கிறது. சமஸ்தானத்தின் குறுக்கே போகும் கோடு அது. ஓர் இடத்தைப் பூகோளப் பாடத்தில் வரும் எண்ணால் குறிப்பது பள்ளிக்கூடப் பையன் செய்கிற காரியம் என்பதையும் கவனியுங்கள்.

வரைபடத்துக்கு இன்றைய மொபைல் படம் உதவாது. மேம்பாலமும் மெட்ரோவும்தான் தெரியும். நீங்களே வரையுங்கள், ஐந்து நிமிஷ வேலை. தாளின் நடுவில் ஒரு பெரிய ஏரி: உசேன் சாகர். அதன் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு நீளக் கோடு: டாங்க் பண்ட், ஏரிக்கரைச் சாலை. கோட்டின் வடக்கு முனைப் பக்கம் செகந்தராபாத். பிரிட்டிஷ் படை தங்கியிருந்த கண்டோன்மென்ட் ஊர், நேரான தெருக்கள், ரயில் நிலையம். லான்சர் பாரக்ஸ் இந்தப் பக்கம். தெற்கு முனைப் பக்கம் ஐதராபாத். முதலில் பஷீர்பாக், அங்கே நிஜாம் கல்லூரி. இன்னும் தெற்கே போனால் மூசி ஆறு, ஆற்றைத் தாண்டிச் சார்மினார். செகந்தராபாத் ரயில் நிலையத்திலிருந்து சார்மினாருக்குச் சுமார் 10 கிலோமீட்டர்.

இந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பல காட்சிகள் தானாகப் புரிய ஆரம்பிக்கும். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக வேண்டுமானால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய ஊரிலிருந்து நவாபின் ஊருக்கு. சாதாரண நாளில் அது காற்று வாங்கிக்கொண்டு போகும் பாதை. ஊரடங்கிய நாளில், ஒரு பக்கம் தண்ணீர் என்பதால் ஒதுங்க இடமில்லாத நீண்ட சாலை.

ஒரு தமிழ்ப் பையன் ஏன் நிஜாம் கல்லூரியில் படிக்கிறான் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 1887-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது, பாடம் இங்கிலீஷில். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்தில் பாடமொழி உருது. தமிழ்க் குடும்பங்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கேள்வி (புதுச்சேரி): பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குக் கொடுக்கலாமா? கடைசிப் பகுதி கடுமையானது என்று கேள்விப்பட்டேன்.

கொடுக்கலாம். 16 வயதுக்கு மேல் என்றால் தயக்கமே வேண்டாம். கடைசிப் பகுதியில் கலவரம் இருக்கிறது, ஒரு வீட்டுக்குள் நடக்கும் மிகச் சங்கடமான காட்சி ஒன்றும் இருக்கிறது. கவர்ச்சிக்காக எழுதப்பட்டதல்ல, இரண்டொரு பக்கம்தான். ஆனால் தமிழ் நாவல்களில் அவ்வளவு பலமாக மனதைத் தாக்கும் முடிவு அபூர்வம். நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். பையனிடம் ‘கடைசியில் ஒன்று வரும்’ என்று எச்சரிக்க வேண்டாம், அது தேடிப் படிக்க வைக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் தாண்டச் சொல்வதும் வேண்டாம். முன்னால் வரும் இருநூறு பக்கமும் அந்த இடத்துக்குத்தான் நடந்து வருகின்றன. அவன் முடிக்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருந்தால் நல்லது. அன்றைக்கே கேள்வி கேட்காதீர்கள், மறுநாள் அவனே வருவான்.

மகள்களுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது முழுக்கப் பையனின் கண். அதில் பெண்கள் தொலைவிலிருந்து, பாதி கற்பனையாகத் தெரிகிறார்கள். அந்த வயதின் உண்மை அது. ஆனாலும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது உறுத்தலாம். உறுத்தியதா என்று கேளுங்கள், நல்ல பேச்சு கிளம்பும்.

கேள்வி (கோவை): அச்சுப் புத்தகமா, மின்னூலா? முன்னுரையை முதலில் படிக்கலாமா?

அச்சு. வரைபடத் தாள், தேதித் தாள், பென்சில் கோடு மூன்றுக்கும் அதுதான் வசதி. கண் சிரமப்படுகிறவர்கள் மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். இது இந்த நாவலுக்கு மட்டுமல்ல, ‘கிளாசிக்’ வரிசையில் வரும் எல்லா நாவலுக்கும். முன்னுரை எழுதுகிறவர் வாசகருக்கு ஏற்கெனவே கதை தெரியும் என்ற நினைப்பில் முடிவைப் பற்றித்தான் முதலில் பேசுவார். பின்னட்டை வாசகத்தையும் இங்கே நம்ப முடியாது. கடையில் வாங்கி வந்ததும் அட்டைபோட்டுவிடுவது சுலபமான வழி. தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

கேள்வி (மதுரை): சந்திரசேகரன் அசோகமித்திரனேதானா? எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

(நாவலை முடித்தவர்களுக்கான பதில் இது. மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

அசோகமித்திரன் 1931-ல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். தகப்பனார் இறந்த பின் 1952-ல் சென்னைக்கு வந்தார். 1948 செப்டம்பரில் அவருக்கு 17 வயதுதான் நிறைந்தது. ஊர், வயது, வீட்டுச் சூழ்நிலை எல்லாம் பொருந்துகின்றன. அதனால் ஒவ்வொரு சம்பவமும் அவருக்கு நடந்தது என்று ஆகிவிடாது. பொது நிகழ்ச்சிகளை, அதாவது ஒப்பந்தம், காந்தி கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30, ராணுவம் நுழைந்த நாள் இவற்றை, வரலாற்றோடு ஒட்டிப் பாருங்கள். வீட்டுக்குள், மனசுக்குள் நடப்பவற்றை நாவலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ‘இது நிஜமாக நடந்ததா’ என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டால், ‘இது ஏன் இங்கே வருகிறது’ என்ற நல்ல கேள்வி விட்டுப்போகிறது.

ஆனால் முடிவில் வரும் வன்முறை கற்பனை மிகையோ என்று யாரும் நினைக்க வேண்டாம். நிஜாம் பணிந்த பிறகு சமஸ்தானத்தின் பல பகுதிகளில் முஸ்லிம்கள் பழிவாங்கப்பட்டார்கள். நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு 1948 கடைசியில் போய் விசாரித்தது. கொல்லப்பட்டவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கணக்கு. அறிக்கையை அரசு நெடுங்காலம் வெளியிடவில்லை. நாவல் வந்த 1977-ல் பொதுவெளியில் இதைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. ரஜாக்கர்கள் செய்த கொடுமைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன, அவை நாவலிலும் இருக்கின்றன. அதற்குப் பிறகு நடந்ததையும் அதே நிதானத்தோடு ஒரு தமிழ் நாவல் எழுதியது. பாதி நாவல் வரை ‘அவர்கள்’ மேல் சந்திரசேகரனுக்கு ஏற்பட்ட பயமும் கோபமும் நமக்கும் ஏற்பட்டிருக்கும். கடைசிப் பக்கங்களில் அவன் எந்தப் பக்கத்து ஆளாக அந்த வீட்டுக்குள் தெரிகிறான் என்று பாருங்கள். பையன் பெரியவனாவது அந்த இடத்தில்தான்.

இப்போது வரலாற்றைத் தேடிப் படிக்கலாம். இந்திய அரசின் பக்கத்திலிருந்து வி.பி. மேனனும் கே.எம். முன்ஷியும் எழுதியிருக்கிறார்கள். நிஜாமின் கடைசிப் பிரதமர் மீர் லாயக் அலியும் தன் பக்கத்தை எழுதியிருக்கிறார். மேனன் ஒன்று, லாயக் அலி ஒன்று என்று அடுத்தடுத்துப் படித்தால் ஒரே வாரத்தை இரண்டு பேர் எப்படி வேறுவேறாகக் கண்டார்கள் என்பது தெரியும். பிறகு நாவலின் நடுவில் ஏதாவது பத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரியவர்கள் தந்தியும் ஒப்பந்தமுமாக இருந்த அந்த நாட்களில் ரயில்வே குடியிருப்பில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நாவலில் மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர். மாதம் ஒரு கூட்டம். இந்த நாவலை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆளுக்கு நாலு அத்தியாயம் என்று பிரித்துக் கதைச் சுருக்கம் சொல்ல வைக்காதீர்கள். இந்த நாவலில் சுருக்கம் சொன்னால் மிஞ்சுவது குறைவு.

இரண்டு கூட்டமாக வையுங்கள். முதல் கூட்டத்துக்கு காந்தி கொல்லப்பட்ட செய்தி வரும் இடம் வரை எல்லோரும் படித்து வரட்டும். அதற்கு மேல் படித்துவிட்டவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். கூட்டத்தை ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துத் தொடங்கட்டும். எந்தப் பக்கம் என்பது அவர் விருப்பம், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் சொல்ல வேண்டும். அசோகமித்திரனின் நகைச்சுவை கண்ணால் படிக்கும்போது பாதி தப்பிவிடும், காதால் கேட்டால் வந்துவிடும். அதன்பின் ஒரு கேள்வி போதும்: சந்திரசேகரனுக்குத் தெரியாமல் நமக்குத் தெரிந்திருப்பது என்ன? எட்டுப் பேரும் எட்டுப் பதில் சொல்வார்கள், ஒரு மணி நேரம் போய்விடும்.

இரண்டாவது கூட்டத்தில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. பத்தாவது நிமிஷத்தில் பேச்சு இன்றைய அரசியலுக்குத் தாவிவிடும், பிறகு புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள். தடுக்க ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் எதைச் சொன்னாலும் பக்க எண் சொல்லித் தொடங்க வேண்டும். எல்லோரும் ஒரே பதிப்பை வாங்கியிருந்தால்தான் இது நடக்கும், ஆகவே வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். நூலகப் பிரதி வைத்திருப்பவர் பக்கத்துக்குப் பதிலாகச் சம்பவத்தைச் சொல்லட்டும். கடைசிக் காட்சியைப் பற்றி முதலில் பேசுகிறவர் கூட்டத்தில் வயதில் இளையவராக இருக்கட்டும். பெரியவர்கள் ஆரம்பித்தால் அவர்கள் சொன்னதையே மற்றவர்களும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.